கீழ் ஓஸ்

"கீழ் ஓஸுக்குள்ள ஸ்பிரிங் போட்டாரா இல்லியான்னு மட்டும் அம்மாவக் கேட்டுச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வாணாம்."

வாசலுக்கு வெளியே நின்றபடி டிரைவர் இளையபெருமாள் இதைக் கேட்பது மூன்றாவது தடவை. கூடத்தில் தர்மநாதனைப் பாயில் கிடத்தி, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி அப்போதுதான் நிமிர்ந்திருந்தார்கள். தலைமாட்டில் அவர் மனைவி விஜயா உட்கார்ந்திருந்தாள். அழுகையெல்லாம் விடிகாலையிலேயே வந்து போய்விட்டது. இப்போது கண் மட்டும் திறந்திருந்தது.

"கேள்வி கேக்க வந்தான் பாரு," என்றாள் ஓரகத்தி அனந்தமதி. "பொணத்த நடுவூட்டுல வெச்சிகினு ஓஸாம், ஸ்பிரிங்காம். புருசன பறிகொடுத்தவ அதுக்கு இன்னாடா பதில் சொல்லுவா?"

"கோச்சிக்காதீங்க சின்னம்மா. பாப்பாவ இட்டாரச் சொல்லி நீங்கதான சொல்றீங்க? வண்டி போய்ச் சேரணுமே."

பாப்பா என்று அவன் சொன்னது விஜயாவின் ஒரே மகள் நீலாஞ்சனாவை. வந்தவாசிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நாற்பது நாள் கைக்குழந்தைக்காரி. தேர்தல் நேரம். ஊரில் இருந்த நாலு டாக்ஸியையும் அதற்காகப் பிடித்துக்கொண்டு போனவர்கள் இன்னும் திருப்பி அனுப்பவில்லை. பஸ்ஸும் பாதிதான் ஓடிற்று. தந்தி கொடுத்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் எதில் ஏறி வருவாள்? வீட்டு வாசலில் புளியமரத்தடியில் நின்ற வண்டி ஒன்றுதான் வழி.

ஊரில் அதற்கு 'வூட்டு வண்டி' என்று பேர். திண்டிவனத்துப் பக்கம் ஊழியம் செய்த வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது. உள்ளே இரண்டு படுக்கைப் பலகை, மடக்கு மேசை, ஸ்டவ் வைக்கத் தகர மேடை, சன்னலுக்குத் திரைச்சீலை. தர்மநாதன் அதை ஓட்டிக்கொண்டு வந்த அன்று கடைத்தெருவே திரண்டு வந்து பார்த்தது. "நைனாரே, இனிமே சண்ட போட்டா அம்மா எங்க கோச்சிகினு போவாங்க? வூடே கூட வருதே!" என்று கேலி பேசியது. அவர் அதில் தம்மைப் போன்ற சமணக் குடும்பங்களைப் பொன்னூர் மலைக்கும் சித்தாமூருக்கும் அழைத்துப் போவார். வழியில் சொந்த அடுப்பு, துணியில் வடிகட்டிய சொந்தத் தண்ணீர், பொழுது சாய்வதற்குள் சாப்பாடு. இந்தப் பங்குனியில் சிரவணபெளகொளாவுக்குப் போவதென்று எட்டுக் குடும்பம் பேர் கொடுத்திருந்தது.

அதற்கு முன்னால் பேத்தியைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்றார். இன்று காலை போவதாக இருந்தது.

செத்தவரின் தம்பி அப்பாண்டைநாதன் வாசலுக்கு வந்தார். "இன்னாடா சங்கதி? எனக்குச் சொல்லு."

"ரேடியேட்டர்லேர்ந்து எஞ்சினுக்குப் போற ரப்பர் ஓஸ் ரெண்டையும் மாத்தியிருக்காரு சின்ன நைனாரே. நான் ஓட்டுப் போட மண்டகப்பட்டு போய்ட்டேன். நான் வர்றதுக்குள்ள தானே மாட்டிட்டாரு. மேல் ஓஸ் பத்திக் கவல இல்ல, அதுல தண்ணி தள்ளிகினு வரும். கீழ் ஓஸ்ல பம்பு இழுக்கும். நாம கன்னத்த உறிஞ்சினா ஒட்டிக்குது பாருங்க, அப்பிடி வேகம் புடிச்சதும் ஓஸ் ஒட்டிக்கும். தண்ணி ஓடாது. கொதிச்சிப் போயி நட்ட நடு ரோட்டுல நிக்கும். உள்ள சுருள்கம்பி ஒண்ணு இருந்தா ஒட்டாது. அது இருக்குதா இல்லியான்னுதான் கேக்கறேன்."

"அமுக்கிப் பாத்தா தெரியாதா?"

"அது வண்டி ஓஸே இல்லீங்க. இதுக்கு ஓஸ் மெட்ராஸ்லயே கெடைக்கல. தொண்டூர் நெலத்து ஆயில் எஞ்சினுக்கு வாங்கி வெச்சிருந்தத அறுத்து மாட்டியிருக்காரு. கட்டையாட்டம் இருக்குது. சூடேறி எளகினாத்தான் தெரியும்."

"அவுத்துப் பாரேன்."

"அவுத்தா தண்ணி பூராவும் எறங்கிடும். திரும்ப மாட்ட ரெண்டு மணி நேரம் ஆவும். மாட்டும்போது கிழிஞ்சா வேற துண்டு இல்ல. இப்பவே பத்து மணி. போவ ரெண்டு மணி நேரம், வர ரெண்டு. ஸ்பிரிங் இருக்குதுன்னு அம்மா ஒரு வார்த்த சொன்னா இப்பிடியே எடுத்துட்டுப் போறேன். இல்லன்னா அவுத்துடறேன். நேத்து அம்மாதான் டார்ச்சு புடிச்சிருக்காங்க."

அப்பாண்டைநாதன் திரும்பி அண்ணியைப் பார்த்தார்.

விஜயா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நேற்றைய சாயங்காலம் அவள் காதுக்குள் பேச்சுப் பேச்சாக ஓடிற்று.

'சாப்ட வாங்க, பொழுது போவுது.'

'இரு. கீழ் ஓஸ் ஒண்ணுதான் பாக்கி. பழசுல இருந்த இந்த ஸ்பிரிங்க மட்டும் கழுவிட்டு வரேன். துரு ஏறிக் கெடக்குது. கொஞ்சம் புளி குடு.'

'புளி கொழம்புக்கா, வண்டிக்கா?'

'ரெண்டும் ஒரே வூட்டுதுதான்.'

கிணற்றடியில் சாம்பலும் புளியும் போட்டு அவர் தேய்த்தது அவளுக்குத் தெரியும். பிறகு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். கோபம். வெயில் சுவரைவிட்டு ஏறிக்கொண்டிருந்தது. தட்டில் போட்டதை மூடி வைத்தாள். பின்கட்டில் டக்கென்று ஏதோ அறுபட்ட சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக்.

'இன்னா பண்றீங்க அங்க?'

'ஒண்ணுமில்ல. டார்ச் எடுத்தா.'

'மொதல்ல சாப்டுங்க.'

'அப்பறம் இருட்டிடும் விஜயா.'

'இருட்டினா சாப்ட முடியாது, அதான் சொல்றேன்.'

'வண்டிய முடிச்சிடறேன். ஒரு வேள பட்டினி கெடந்தா ஒண்ணும் ஆயிடாது.'

அவள் டார்ச்சுடன் போனபோது ஓஸ் ஏற்கெனவே ஏறியிருந்தது. அவர் கிளிப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே கம்பி போனதை அவள் பார்க்கவில்லை.

"அண்ணி..." என்றார் அப்பாண்டைநாதன்.

"போட்டாரு," என்றாள் விஜயா.

வாசலிலிருந்து இளையபெருமாள் எட்டிக் கேட்டான். "பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன்."

அவர் மறக்கிற ஆளில்லை என்பதுதான் அவளுக்குத் தெரிந்தது. பார்த்தேன் என்று சொன்னது பொய். சொல்லிவிட்டுக் குனிந்து கணவர் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் அவருக்காக அவள் சொன்ன முதல் பொய், அவர் கேட்க முடியாமல் போன பிறகு.

இளையபெருமாள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு போனான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. நேற்றுவரை அந்தச் சத்தத்துக்குக் கூடத்திலிருந்து ஒரு குரல் எழும்: 'டேய், மெதுவா, கிளட்ச்ச மிதிச்சிக் கொல்லாத!' இன்றைக்கும் எழுந்ததுபோல் இருந்தது. விஜயா சட்டென்று திரும்பினாள். அனந்தமதி ஈயோட்டிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

பதினோரு மணிக்குக் குளிப்பாட்டினார்கள்.

கிணற்றிலிருந்து நீர் சேந்திச் சேந்திச் செல்லம்மாள் அண்டாவை நிரப்பினாள். அவள் வீட்டுவேலைக்காரி, சிங்கவரத்திலிருந்து வருகிறவள். "அம்மா, இதையும் துணியில வடிகட்டணுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தானே துணியைக் கட்டி வடிகட்டினாள். வடிகட்டிய துணியை அந்தக் கிணற்றிலேயே கவிழ்த்து உதறினாள். தண்ணீரில் இருக்கிற உயிர் அது பிறந்த தண்ணீருக்கே போகவேண்டும் என்பது இந்த வீட்டு வழக்கம். பதினைந்து வருஷமாகச் செய்த கை. சாவு வீட்டிலும் அது நிற்கவில்லை.

குடம் குடமாக அவர்மேல் தண்ணீர் விழுவதை விஜயா பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் விழுந்து, மூக்கோரம் வழிந்து, உதட்டில் நின்று, தாடையில் இறங்கிற்று. உதடு திறக்கவில்லை.

நேற்று ராத்திரி திறந்தது.

'விஜயா... கொஞ்சம் தண்ணி.'

மூன்று வருஷத்துக்கு முன்னால் சித்தாமூர் மடத்தில் அவர் விரதம் எடுத்தார். விளக்கு வைத்தபிறகு சாப்பாடு இல்லை என்பது எல்லாருக்கும் உள்ளது. தண்ணீரும் தொடுவதில்லை என்பது அவராக எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னார்: 'நான் பொல்லாத மனுசன். தாகம்னா கேட்டுடுவேன். நானே கேட்டாலும் குடுக்காத.' அவளும் தலையாட்டினாள். அதற்குப் பிறகு எத்தனையோ கோடை ராத்திரி. ஒருநாளும் கேட்டதில்லை.

நேற்றுதான் கேட்டார்.

'வெளக்கு வெச்சாச்சுங்க. விடியட்டும்,' என்றாள் அவள்.

'சரி,' என்றார்.

அவ்வளவுதான். கோபமில்லை, கெஞ்சலில்லை. ஏதோ கடையில் சாமான் இல்லை என்று சொன்னதற்கு ஒருத்தர் சரி என்று திரும்பிப் போகிற மாதிரி. புரண்டு சுவர்ப்பக்கம் படுத்தார். வெளுக்கும்போது அவள் வடிகட்டிய தண்ணீரை டம்ளரில் எடுத்துக்கொண்டு வந்தாள். தோளைத் தொட்டாள். டாக்டர் வந்து பார்த்து, மாரடைப்பு, ரெண்டு மூணு மணி நேரம் ஆகியிருக்கும் என்றார்.

அவருக்கு இல்லாத தண்ணீர் வண்டிக்கு இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் ரேடியேட்டர் வாயில் புனல் வைத்து, அவள் குடிக்க வடிகட்டி வைத்திருந்த பித்தளைக் குடத்தை அவரே கவிழ்த்தார். 'கெணத்துத் தண்ணிய அப்பிடியே ஊத்தினா உள்ள வெந்து சாவுற பூச்சிக்கெல்லாம் நாந்தான பொறுப்பு' என்று சிரித்தார். மடமடவென்று வண்டி குடித்தது. அந்தச் சத்தம் இப்போதும் எங்கேயோ கேட்டுக்கொண்டே இருந்தது. குளிப்பாட்டுகிற தண்ணீர்ச் சத்தமா அதுவா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

புது வேட்டி உடுத்தி உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் பஞ்சமந்திரத்தை முணுமுணுப்பாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். விஜயாவைக் கிணற்றடிக்கு அழைத்து வந்து தலைக்கு ஊற்றினார்கள். ஈரத்தோடு துவைகல்மேல் உட்காரப்போனவளிடம் செல்லம்மாள், "இரும்மா, அங்க இன்னாமோ இரும்பு கெடக்குது, குத்திடப்போவுது" என்று குனிந்து எடுத்தாள்.

சுருள்கம்பி.

துவைகல்லுக்கும் சுவருக்கும் நடுவே, சாம்பல் படிந்து கிடந்திருக்கிறது. ஒரு விரல் நீளம். புளி போட்டுத் தேய்த்த இடம் பளபளவென்றும் தேய்க்காத இடம் செங்கல் நிறமாகவும் இருந்தது.

"இது இன்னாதும்மா? ராட்டினத்துதா?"

"குடு இப்பிடி."

"தூக்கிப் போட்டுடவா?"

"குடுன்னு சொன்னேன்."

வாங்கி ஈரப் புடவை மடிப்பில் செருகிக்கொண்டாள் விஜயா. இடுப்பில் அது சில்லென்று அழுத்திற்று. அனந்தமதி மாற்றுப் புடவையோடு வந்தாள். "இன்னாக்கா ஒரு மாதிரி நிக்கறீங்க? மயக்கமா?"

"ஒண்ணுமில்ல மதி."

அதே 'ஒண்ணுமில்ல'. நேற்று அவர் பின்கட்டிலிருந்து சொன்னது.

புடவை மாற்றும்போது கம்பியை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். திரும்பக் கூடத்தில் வந்து உட்கார்ந்தபோதும் கை மூடியே இருந்தது. வண்டி போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். தேசூரைத் தாண்டியிருப்பான். இல்லை, தாண்டியிருக்கமாட்டான். வேகம் பிடித்ததும் ஓஸ் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும். முன்னால் ஆவி புசுபுசுவென்று கிளம்பியிருக்கும். மாசி வெயிலில், ஒரு மரம் இல்லாத ரோட்டில், அவன் இறங்கி நின்று தலையைச் சொறிந்துகொண்டு, 'அம்மா பாத்தேன்னு சொன்னாங்களே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பான். மகள் அங்கே மூன்று வயசு மூத்தவனுக்குச் சோறூட்டிக்கொண்டு, நைனா இன்றைக்கு வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். செய்தியும் அவளுக்கு நாளைக்குத்தான் போய்ச் சேரும். அப்போது இங்கே சாம்பல் இருக்கும்.

ஒரே நாளுக்குள் இரண்டு பேருக்கு மறுத்தாயிற்று. அவருக்குத் தண்ணீர். மகளுக்கு அவர் முகம்.

சொல்லிவிடலாமா? சொன்னால் சைக்கிளில் ஆள் அனுப்பலாம். சைக்கிள் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சொன்னால் இன்னொன்றும் நடக்கும். 'வண்டி வராதா? அப்ப ஏன் காத்திருக்கணும், எடுத்துடலாம்' என்பார்கள். சொல்லாத வரைக்கும் அவர் இந்தக் கூடத்தில் இருப்பார். அவள் மூடிய கையைப் பார்த்தாள். பக்கத்தில் யாரோ மெதுவாகச் 'சரி' என்றார்கள். நிமிர்ந்து பார்த்தாள். யாருமில்லை.

மூன்று மணி ஆயிற்று. நான்கு ஆயிற்று. வெயில் முற்றத்தில் நீண்டது.

இவர்கள் ஊரான செஞ்சிக்கு மேற்கே கோட்டை மலையான ராஜகிரி நிற்கிறது. மற்ற ஊரில் சூரியன் மறைவதற்கு அரைமணி முன்னாலேயே இங்கே அது மலைக்குப் பின்னால் போய்விடும். கோட்டை மதிலின் நிழல் வயலில் இறங்கி, தெருவில் ஏறி, வீட்டுச் சுவரைத் தொட்டுவிடும். அது பொழுது போன கணக்கா இல்லையா என்பது இந்தத் தெருவில் தீராத வழக்கு. சாப்பாட்டு நேரத்துக்கு அதை வைத்து விளையாட்டாகச் சண்டை போடுவார்கள். இன்றைக்கு அது விளையாட்டாக இல்லை.

"தம்பி, பாடை கட்டச் சொல்லு," என்றார் தெருவில் மூத்தவரான சுமதிநாத நைனார். "பொழுது இருக்கும்போதே மூட்டணும். இருட்டினப்பறம் நெருப்பு வெச்சா எத்தன பூச்சி வந்து விழும், யோசன பண்ணு. நம்மவங்க செய்ற காரியமா அது? ஒடம்பையும் ராத்திரி வெச்சிருக்கக் கூடாது."

"பொண்ணு வரல மாமா," என்றார் அப்பாண்டைநாதன்.

"வந்துட்டா சந்தோசம். வண்டி எங்க நின்னுச்சோ. அது நேத்துவரைக்கும் ஒழுகின வண்டிதான? இந்தத் தெருவு பூரா அதுதான் தண்ணி தெளிச்சிகினு இருந்துச்சு."

"ஆறேகால் வரைக்கும் நேரம் இருக்குது."

"ராஜகிரி மறைச்சிடுச்சின்னா போச்சு."

"மல நமக்குத்தான் மறைக்குது. ஆத்தங்கரையில போயி நின்னு பாருங்க, சுள்ளுன்னு அடிக்கும்."

"தர்மநாதன் இருந்தா என் பக்கம்தான் பேசுவான். மலை மறைச்சா சோத்த மூடி வெச்சிடுவான் அவன்."

அது உண்மைதான்.

ஐந்தேகாலுக்குச் சுமதிநாத நைனார் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டார். விஜயாவுக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி, கைகட்டி நின்றார். "அம்மா, விஜயா. நான் சொல்றதுல தப்பிருந்தா சொல்லு. அவன் வெரதத்த ஒரு நாளும் வுட்டவன் இல்ல. கடைசி நாள்ல நாம வுட வெக்கலாமா?"

விஜயாவின் வாய் திறந்தது. வண்டி வராது, எடுங்கள் என்று சொல்லத்தான் திறந்தது. உள்ளங்கையில் கம்பி பதிந்து வலித்தது.

பின்கட்டிலிருந்து செல்லம்மாள் குரல் வந்தது. "ஏம்மா, கொடிக்கம்பி எங்கம்மா? காலையிலேர்ந்து தேடறேன். பொடவையெல்லாம் கெணத்து மதில்ல கெடக்குது. நைனாரு வேட்டிய எங்க போட்டு ஒணத்தறது?"

"கொடி இன்னாடி ஆச்சு?" என்றாள் அனந்தமதி.

"ரெண்டு பக்கமும் ஆணி இருக்குது, நடுவுல கம்பியக் காணம். ரெண்டு முனையும் சுத்தமா கட்டிங் பிளேர்ல அறுத்தாப்பல இருக்குது. எந்தத் திருடன் வந்து கொடிக்கம்பிய அறுத்தானோ. ஒலக்கைய வேற எவனோ கெணத்தடியில போட்டு வெச்சிருக்கான், அது மேல பூரா கம்பி சுத்தின கீறலு."

டக். கொஞ்சம் பொறுத்து, டக்.

'இன்னா பண்றீங்க அங்க?'

'ஒண்ணுமில்ல.'

விஜயா மூடிய கையைத் திறந்தாள். மடியில், யாரும் பார்க்காத வாட்டத்தில், சுருள்கம்பியின் இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தாள். நடுவில் பொடுக்கென்று இரண்டாக ஒடிந்தது. உள்ளுக்குள்ளேயே உளுத்துப் போயிருந்தது. துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. கழுவும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. கொடிக்கம்பியை அறுத்து உலக்கையில் சுற்றியது அதற்குத்தான்.

"மாமா," என்றாள். காலையிலிருந்து அவள் குரல் இவ்வளவு தெளிவாக வரவில்லை. "அரமணி இருங்க. வண்டி வரும்."

"எப்பிடிம்மா சொல்ற?"

"வரும். ஆத்தங்கரையில போயி மலை மறைச்சிருக்குதா பாருங்க. அங்க வெயில் இருந்தா எங்க வூட்டுக்காரருக்கும் வெயில் இருக்குதுன்னுதான் அர்த்தம். இன்னிக்கு அவரு அங்கதான போவப்போறாரு, இந்தத் தெருவுல இல்லியே."

கிழவர் அவளையே பார்த்தார். பிறகு வெளியே போய்ப் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ராஜகிரியின் நிழல் எதிர்வீட்டுச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தபோது வண்டி வந்தது. எல்லாரும் முதலில் பார்த்தது அதன் முன்பக்கத்தைத்தான். ஆவி இல்லை. தூசிதான் இருந்தது. மருமகன் முதலில் இறங்கினான், கையில் மூத்த பையன். பின்கதவைத் திறந்துகொண்டு படுக்கைப் பலகையிலிருந்து நீலாஞ்சனா குழந்தையோடு இறங்கினாள். பிள்ளையை யாரிடமோ கொடுத்தாள். யாரிடம் கொடுத்தோம் என்றுகூடப் பார்க்கவில்லை.

"நைனா! காலையில வரேன்னீங்களே நைனா! கார்டு போட்டீங்களே!"

கூடத்தில் அதுவரை அடங்கியிருந்த அழுகையெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தது. விஜயா மட்டும் அழவில்லை. மகளின் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் இளையபெருமாள் அப்பாண்டைநாதனிடம் சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது. "அந்த ஊர்ல பாப்பா வூட்டுக்காரரு கழனிக்குப் போய்ட்டாரு, அவரத் தேடிக் கூட்டியாரத்தான் நேரமாயிடுச்சு. வண்டி ஒரு எடத்துல நிக்கல. தேசூரு தாண்டி நிறுத்திக் கைய வெச்சி அமுக்கினேன். நல்லா எளகியிருந்துச்சு. உள்ள வளையம் வளையமா தட்டுச்சு சின்ன நைனாரே. அம்மா சொன்னது சரிதான். போட்டுத்தான் இருக்காரு."

அழுது ஓய்ந்து நீலாஞ்சனா அப்பாவின் முகத்தைத் தடவினாள். கன்னம், மீசை. விரல் உதட்டில் வந்து நின்றது.

"அம்மா. நைனா ஒதடு ஏம்மா இப்பிடி காஞ்சி வெடிச்சிருக்குது?"

"மாசிக்காத்துடீ," என்றாள் அனந்தமதி. "எல்லாருக்குந்தான் வெடிக்குது."

"இப்பிடியா? தண்ணி கிண்ணி கேட்டாராம்மா?"

விஜயா எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். விடிகாலையில் எடுத்து வந்த டம்ளர் அப்படியே மூடியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்தாள். வரும்போது முற்றத்தில் நின்று மேலே பார்த்தாள். தெருவில் நிழல் விழுந்துவிட்டது. ஆனால் வடக்கே கிருஷ்ணகிரிக் கோட்டை மலையின் உச்சி மண்டபத்தில் இன்னும் மஞ்சளாக வெயில் இருந்தது.

"பொழுது இன்னும் இருக்குது," என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

டம்ளரை மகளிடம் நீட்டினாள். நீலாஞ்சனா முந்தானை நுனியை நனைத்து அப்பாவின் உதட்டைத் துடைத்தாள். ஒருமுறை, இன்னொருமுறை. ஈரம் வெடிப்பில் இறங்கிற்று. சுமதிநாத நைனார் வாசற்படியிலிருந்து அதைப் பார்த்தார். தலையைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தூக்கினார்கள். தெருமுனை திரும்பும்வரை பெண்கள் கூடவே போய் நின்றுவிட்டார்கள். ஆற்றங்கரையில் நெருப்பு வைக்கும்போது மணலில் ஆள் நிழல் நீளமாக விழுந்ததென்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள்.

வீட்டைக் கழுவினார்கள். எல்லாரும் தலைமுழுகினார்கள். அவர் கிடந்த இடத்தில் செல்லம்மாள் அகலை ஏற்றி வைத்தாள். அனந்தமதி டம்ளரோடு வந்தாள்.

"காலையிலேர்ந்து பல்லுல பச்சத்தண்ணி படல. ஒரு முழுங்கு குடிங்கக்கா. இன்னிக்குப் பாவமில்ல. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"வெளக்கு வெச்சாச்சு மதி. விடியட்டும்."

சொன்ன பிறகுதான் தன் வார்த்தை தன் காதில் விழுந்தது. அனந்தமதி டம்ளரை மூடினாள்.

"சரி," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

விஜயா வாசலுக்கு வந்தாள். புளியமரத்தடியில் வண்டி நின்றது. முன்மூடி இன்னும் சூடு ஆறவில்லை. உள்ளே எங்கேயோ இரும்பு ஆறுகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. நேற்று டார்ச் பிடித்துக் குந்திய அதே இடத்தில் குந்தினாள். மரத்தடி மண்ணில் பழைய ஒழுகலின் கறை காய்ந்திருந்தது. அறுத்துப் போட்ட பழைய ஓஸ் இரண்டும் வேரோரம் கிடந்தன.

அடியில் கையை நீட்டிக் கீழ் ஓஸுக்கு நேரே உள்ளங்கையை விரித்தாள். கம்பியின் துரு அதில் சுருள்சுருளாகப் பதிந்திருந்தது. வீட்டுக்குள் குழந்தை அழுதது. யாரோ தூக்கினார்கள். அழுகை நின்றது.

வெகு நேரம் கையை எடுக்காமல் வைத்திருந்தாள். ஒரு சொட்டும் விழவில்லை.